மலைக்கிராமம் முதல் உலகம் வரை: மக்கள்தொகைக் கணிப்பைக் கையால் போட்டுப் பழகும் முறை

சேலம் மாவட்டத்தில் 2001-ல் 30,16,346 பேர் இருந்தார்கள். 2011-ல் 34,82,056 பேர். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு 2111-ல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால், கால்குலேட்டர் தயங்காமல் விடை கொடுக்கும்: சுமார் 1 கோடியே 46 லட்சம். பத்தாண்டுக்கு 15.44 விழுக்காடு வளர்ச்சி. அதையே பத்து முறை பெருக்கினால் அப்படித்தான் வரும். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை, கிழவியும் இல்லை. பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நாளைய தலைகளை எண்ண முடியாது.

இந்தக் கட்டுரை சொல்லித்தருவது வயதுவாரிக் கணக்கு. 1895-ல் பொருளியல் அறிஞர் எட்வின் கேனன் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இந்த வழியில் கணிப்புப் போட்டார். இன்று ஐ.நா. சபை உலகம் முழுவதற்கும் போடுவதும் அடிப்படையில் இதே கணக்குத்தான். எக்செல் தாளும் பெருக்கல் கூட்டலும் போதும். முதல் தடவை ஒரு முழு மாலைப்பொழுது பிடிக்கும்.

முதலில், எதைச் செய்யக் கூடாது

ஒரே வளர்ச்சி விகிதத்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. 1960-களின் பிற்பாதியில் உலக மக்கள்தொகை ஆண்டுக்குச் சுமார் 2.1 விழுக்காடு வளர்ந்தது. 1970-ல் இருந்த சுமார் 370 கோடியை அதே வேகத்தில் 2024 வரை ஓட்டினால் 1,100 கோடியைத் தாண்டும். உண்மையில் 2024-ல் இருந்தது சுமார் 820 கோடி. வளர்ச்சி விகிதம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஹைன்ஸ் ஃபான் ஃபர்ஸ்டர் என்ற அறிவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1960-ல் ஒரு சமன்பாட்டைப் பழைய எண்களுக்குப் பொருத்தி, 2026 நவம்பர் 13 அன்று உலக மக்கள்தொகை முடிவிலியைத் தொடும் என்று காட்டினார்கள். மக்கள்தொகை அறிஞர் ஃபிராங்க் நோட்ஸ்டைன் 1945-ல் எதிர்ப்பக்கம் தவறினார்: 2000-ல் 330 கோடி என்றார், வந்ததோ 610 கோடி. அவர் வயதுவாரிக் கணக்கு அறிந்தவர்தான். ஏழை நாடுகளில் சாவு விகிதம் எவ்வளவு வேகமாக விழும் என்ற ஊகத்தில் கோட்டைவிட்டார். முறை சரியாக இருந்தாலும் உள்ளே போடும் எண் தவறினால் விடை தவறும் என்பதை இந்த இரண்டாவது எடுத்துக்காட்டிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1871-ல் அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரம் அளவில் மக்கள் இருந்தார்கள். 1876–78 பஞ்சம் வந்து போனபின், 1881-ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். 1891-ல் மறுபடி 19 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியது. 1881-ல் நின்றுகொண்டு முந்தைய பத்தாண்டின் போக்கை நீட்டியிருந்தால் மாவட்டம் காலியாகிவிடும் என்று வந்திருக்கும். 1891-ல் நின்று நீட்டியிருந்தால் எதிர்த்திசையில் அபத்தம்.

ஐந்து, ஆறு ஆண்டுக்குள் ஊருக்குக் குடிநீர்த் தொட்டி எவ்வளவு பெரியது வேண்டும் என்பது போன்ற கேள்விக்கு மட்டும் ஒற்றை விகிதம் ஏறக்குறைய சரிவரும். அதற்கு மேல் வேண்டாம்.

என்னென்ன எண்கள் வேண்டும்

நான்கு நிரல்கள். ஒன்று, இன்றைய மக்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்த பட்டியல், ஆண் பெண் தனித்தனியாக. இரண்டு, ஒவ்வொரு வயதுக் கூறிலும் இருப்பவர்களில் எத்தனை பங்கு அடுத்த ஐந்தாண்டைத் தாண்டும் என்ற பிழைப்பு விகிதம். மூன்று, 15 முதல் 49 வரையிலான பெண்களுக்கு வயதுவாரியான பிறப்பு விகிதம். நான்கு, வந்தவர் போனவர் கணக்கு.

வயதுப் பட்டியல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் மாவட்டம் வரை கிடைக்கும். இப்போது கையில் இருப்பது 2011 கணக்கெடுப்புத்தான். 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிறப்பு இறப்பு விகிதங்களுக்கு மாதிரிப் பதிவு முறையின் அறிக்கைகளும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் உண்டு. பின்னதன் 2019–21 சுற்றில் இந்தியாவின் மொத்தக் கருவள விகிதம் 2.0, தமிழ்நாட்டில் 1.8. இன்றைய வயதுவாரிப் பிறப்பு விகிதம் அப்படியே தொடர்ந்தால் ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் மொத்தக் கருவள விகிதம்.

பிழைப்பு விகிதத்தை ஆயுள் அட்டவணையிலிருந்து, அதாவது ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று காட்டும் பட்டியலிலிருந்து, எடுக்க வேண்டும். அதில் 'வாழ்ந்த ஆண்டுகள்' என்ற நிரல் இருக்கும். 25–29-க்கு எதிரே உள்ள எண்ணை 20–24-க்கு எதிரே உள்ள எண்ணால் வகுத்தால், 20–24 வயதினர் அடுத்த கூறுக்குப் போய்ச் சேரும் பங்கு வந்துவிடும். புதியவர்கள் பலர் இங்கே இறப்பு விகிதத்தை நேராக ஒன்றிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அது ஓராண்டு விகிதம். நமக்கு வேண்டியது ஐந்தாண்டுப் பங்கு. இந்த ஒரு தவறு கிழவர்களின் எண்ணிக்கையைத் தாறுமாறாக ஊத வைக்கும்.

எண்கள் பொய் சொல்லும் இடங்கள்

கணக்கைவிட அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும்.

எல்லை. 1991-ல் சேலம் மாவட்டத்தில் 39 லட்சம் அளவில் மக்கள். 2001-ல் 30 லட்சம். யாரும் செத்துப்போகவில்லை. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முன் 1965-ல் தருமபுரி பிரிந்தது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் முன், இரண்டுக்கும் ஒரே எல்லை இருக்கிறதா என்று வட்டம் (தாலுகா) வாரியாகப் பாருங்கள். மாநகராட்சி எல்லை விரிந்ததும் இப்படித்தான் கணக்கில் வளர்ச்சி போலத் தோன்றும்.

பிறப்புப் பதிவு. நம் நாட்டில் பிள்ளை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்தில் பதிவு. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தருமபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பிரசவத்துக்கு வருவார்கள். அந்தப் பிறப்புகளெல்லாம் சேலம் கணக்கில் ஏறும். மலையில் நேர்மாறு: ஏற்காட்டுப் பெண்ணுக்குச் சிக்கலான பிரசவம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழேதான் வர வேண்டும், அந்தப் பிள்ளை மலைப் பதிவேட்டில் இராது. இதற்கு மேல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம். ஆகவே பிறப்புப் பதிவேட்டின் மொத்தத்தை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்துப் பிறப்பு விகிதம் என்று சொல்லிவிடாதீர்கள். தாயின் நிரந்தர முகவரிப்படி பிரித்த எண் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் மாநில விகிதத்தை எடுத்து, 0–4 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள்.

பருவம். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோட்டங்களுக்கு வெளியாட்கள் வருவார்கள். மே மாதத்தில் சுற்றுலாக் கூட்டம். எந்த மாதம் எண்ணினார்கள் என்று பார்க்காமல் மலைக்கிராம எண்ணைத் தொடாதீர்கள்.

வயது. கேட்டால் பெரியவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழுதாக்கிச் சொல்வார்கள். இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0-விலும் 5-லும் முடியும் வயது சொன்னவர்களைக் கூட்டி, ஐந்தால் பெருக்கி, அதே வயது எல்லையின் மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் சுத்தம். 500 வந்தால் எல்லாரும் முழு எண்ணாகவே சொல்லியிருக்கிறார்கள். 125-ஐத் தாண்டினால் ஒற்றை வயதுத் தரவை விட்டுவிட்டு ஐந்தாண்டுக் கூறுகளை மட்டும் பயன்படுத்துங்கள். மிக அதிகமானால் அதையும் சமன்செய்ய வேண்டும். இன்னொன்று, கைக்குழந்தைகளை எண்ணாமல் விடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. 0–4 கூறு 5–9-ஐவிடத் திடீரென்று சிறுத்திருந்தால், பிறப்பு குறைந்ததா, எண்ணிக்கை விட்டுப்போனதா என்று பிறப்பு எண்ணிக்கையை வைத்துச் சரிபாருங்கள்.

கணக்கு

பழகுவதற்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு மலைக்கிராமத் தொகுப்பு. எந்த ஊரின் உண்மை எண்களும் அல்ல. பெண்கள் மட்டும், மொத்தம் 2,000 பேர். இன்றைய எண்ணிக்கை, ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம், ஐந்தாண்டு கழித்து அடுத்த கூறில் நிற்பவர் என்ற வரிசையில்:

0–4: 150 × 0.990 = 148.5
5–9: 160 × 0.998 = 159.7
10–14: 170 × 0.998 = 169.7
15–19: 180 × 0.997 = 179.5
20–24: 185 × 0.996 = 184.3
25–29: 180 × 0.996 = 179.3
30–34: 165 × 0.995 = 164.2
35–39: 150 × 0.993 = 149.0
40–44: 130 × 0.990 = 128.7
45–49: 120 × 0.980 = 117.6
50-க்கு மேல்: 410 × 0.870 = 356.7

விடையை அதே வரியில் எழுதாமல் ஒரு வரி கீழே இறக்கி எழுதுங்கள்: இன்று 0–4-ல் இருக்கும் 150 பேரில் 148.5 பேர் ஐந்தாண்டு கழித்து 5–9 வரியில் இருப்பார்கள். கடைசி இரண்டு வரிகளும் சேர்ந்து 50-க்கு மேல் என்ற கூறுக்குப் போகும்: 474.3. பின்னத்தை இப்போதே முழுதாக்காதீர்கள். பத்துச் சுற்று ஓட்டினால் அந்தச் சில்லறைகள் சேர்ந்து பெரிதாகும். உண்மைக் கணக்கில் 50-ல் நிறுத்தாமல் 80, 85, முடிந்தால் 100 வரை கூறு பிரிக்க வேண்டும். முதியவர்கள் பெருகும் காலத்தில் அவர்களை ஒரே மூட்டையாகக் கட்டினால் சாவுக் கணக்குக் கெட்டுப்போகும்.

இப்போது 0–4 வரி காலியாக இருக்கிறது. அதை நிரப்புவது பிறப்பு. ஆண்டு ஒன்றுக்கு ஒரு பெண்ணுக்கான பிறப்பு விகிதம் இப்படி இருக்கட்டும்: 15–19-க்கு 0.030, 20–24-க்கு 0.150, 25–29-க்கு 0.120, 30–34-க்கு 0.045, 35–39-க்கு 0.012, 40–44-க்கு 0.003. கூட்டினால் 0.360, ஐந்தால் பெருக்கினால் மொத்தக் கருவள விகிதம் 1.8.

ஒவ்வொரு கூறிலும் இன்று இருக்கும் பெண்களையும் ஐந்தாண்டு கழித்து இருப்பவர்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 20–24-ல் இன்று 185, பிறகு 179.5, சராசரி 182.25. அதை 0.150-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 27.3 பிறப்பு. எல்லாக் கூறுகளையும் இப்படிச் செய்து கூட்டினால் ஆண்டுக்கு 64.5, ஐந்தாண்டுக்கு 322.5 குழந்தைகள். இந்த ஐந்தால் பெருக்குவதை மறந்துவிட்டு, "கிராமம் அழிகிறது" என்று முடிவுக்கு வருவோர் உண்டு.

இயல்பாக 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கும். ஆகவே 322.5-ஐ 100/205-ஆல் பெருக்கினால் பெண்கள் 157.3. அவர்களில் ஐந்தாண்டு முடிவில் இருப்போர் 0.985 பங்கு என்று வைத்தால் 154.9. அதைக் காலி வரியில் எழுதிக் கூட்டுங்கள்: 2,092.

இந்த விடையின் முன் சற்று நில்லுங்கள். ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளைதான். தாயை ஈடுசெய்ய வேண்டிய 2.1-க்குக் கீழே. ஆனாலும் ஐந்தாண்டில் 92 பேர் கூடியிருக்கிறார்கள். காரணம், முந்தைய காலத்தில் நிறையப் பிறந்த பெண்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் நிற்கிறார்கள். சாகும் வயதில் இருப்பவர்களோ குறைவு. இதை உந்தம் என்பார்கள். புதிய நிரலை அடிப்படையாக வைத்து அடுத்தடுத்த சுற்றுகளை ஓட்டுங்கள். வளர்ச்சி மெலிந்துகொண்டே வந்து, தாய்மார் கூறுகள் சிறுத்தபின் மொத்தம் இறங்கத் தொடங்கும். "பிள்ளை குறைந்துவிட்டது, பிறகு ஏன் மக்கள்தொகை ஏறுகிறது?" என்று கேட்பவருக்கு இந்தத் தாளைக் காட்டினாலே போதும்.

ஆண்களுக்கும் இதே போலத் தனித் தாள். மீதி 105/205 பங்குக் குழந்தைகள் அங்கே முதல் வரியில் சேரும்.

சேலத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் வரி

105-க்கு 100 என்பது இயற்கை. ஆயிரம் ஆணுக்கு 952 பெண் என்று பொருள். சேலம் மாவட்டத்தில் 0–6 வயதில் 2001-ல் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 850 அளவில்தான் பெண் குழந்தைகள் இருந்தார்கள். பெண் சிசுக்கொலை நாடே பேசும் துயரமாகி, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கப்பட்டது. 2011-ல் அந்த எண் 910-ஐத் தாண்டி மேலேறியது. அப்போதும் இயற்கை அளவை எட்டவில்லை.

கணிப்பில் இதன் விளைவைப் பாருங்கள். அதே 322.5 பிறப்பில் பங்கு 850/1850 என்றால் பெண்கள் 148.2 மட்டும். ஐந்தாண்டுக்கு 9 பெண்கள் குறைவு, அதுவும் 2,000 பெண்கள் உள்ள சின்னத் தொகுப்பில். இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தாய்மார் வரியில் அந்த 9 பேரும் இல்லை. அவர்கள் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளும் இல்லை. ஈடுசெய்யும் அளவும் 2.1-லிருந்து 2.2-க்கு ஏறிவிடும். பொதுவான 2.1-ஐ எல்லா மாவட்டத்துக்கும் ஒட்டவைப்பது தவறு என்பது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: 0–6 விகிதமும் பிறக்கும்போதான விகிதமும் ஒன்றல்ல. முன்னதில் பிறந்தபின் இறந்தவர்களின் கணக்கும் கலந்திருக்கும்.

வந்தவர், போனவர்

மாவட்டக் கணிப்பு கெடுவது பெரும்பாலும் இங்கே. திருப்பூர், கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போவோர் ஒரு பக்கம், இங்குள்ள பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து வருவோர் மறுபக்கம். நேரடிப் பதிவு கிடையாது. எச்சமுறை உதவும்: 2001-ல் 10–14-ல் இருந்தவர்களைப் பிழைப்பு விகிதத்தால் இரண்டு முறை பெருக்கி 2011-க்குக் கொண்டுவாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 20–24-ல் உண்மையில் எத்தனை பேர் என்று பாருங்கள். வித்தியாசம்தான் வந்தவரிலிருந்து போனவரைக் கழித்த எண். இருபதுகளில் இந்த எண் துள்ளும், மற்ற வயதில் அடங்கும். அப்படி இல்லாமல் 60 வயதில் துள்ளினால் அது இடப்பெயர்வாக இருக்காது. வயது தவறிச் சொல்லப்பட்டிருக்கிறது.

சில நூறு பேர் மட்டும் உள்ள ஒற்றைச் சிற்றூருக்கு வயதுவாரிக் கணிப்புப் போடாதீர்கள். ஒரு ஆண்டு ஐந்து பிறப்பு, மறு ஆண்டு ஒன்பது என்று தற்செயலே ஆட்டிவைக்கும். பல ஊர்களைச் சேர்த்துப் போட்டு, பிறகு பங்கு பிரியுங்கள்.

உலகத்துக்குப் போகும்போது

ஒரு வேலை குறைகிறது: உலகத்துக்கு வெளியே யாரும் குடிபோவதில்லை, ஆகவே நான்காவது நிரல் சுழி. ஆனால் உலகத்தை ஒரே தாளில் போடாதீர்கள். தென்கொரியாவில் 2023-ல் கருவள விகிதம் 0.72; சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே பல நாடுகளில் 4-க்கு மேல். இரண்டையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால், நாளைய தாய்மார் எந்த நாட்டில் பெருகுகிறார்கள் என்பது மறைந்துபோகும். குறைந்தது கண்டவாரியாகவாவது பிரித்துப் போட்டுக் கூட்டுங்கள். அப்போது கண்டங்களுக்கிடையே போனவர் வந்தவர் கூட்டுத்தொகை சுழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.நா. 237 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் தனித்தனியே போட்டுக் கூட்டுகிறது.

ஐ.நா.வின் 2024 பதிப்பின்படி உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, 2100-ல் 1,020 கோடிக்கு இறங்கும். இன்று உலகக் கருவள விகிதம் சுமார் 2.25. நோட்ஸ்டைன் காலம் போலன்றி, இன்று சாவில் உங்கள் ஊகம் கொஞ்சம் பிசகினாலும் பெரிய சேதமில்லை: கொரோனாவில் 2021-ல் 70.9-க்கு இறங்கிய உலகச் சராசரி ஆயுள் 2024-ல் 73.3 ஆகிவிட்டது. கருவளத்தில் பிசகினால்தான் கணிப்பு சாய்கிறது. எல்லா நாட்டிலும் ஒரு பெண்ணுக்கு அரைப் பிள்ளை கூடுதல் என்று வைத்தால் 2100-ல் சுமார் 1,400 கோடி. அரைப் பிள்ளை குறைவு என்றால் சுமார் 700 கோடி. இந்த இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு பிள்ளை, அதற்கு 700 கோடி வித்தியாசம்! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ.எச்.எம்.இ. நிறுவனம் 2020-ல் வேறு விடை சொன்னது: 2064-ல் 970 கோடி உச்சம், 2100-ல் 880 கோடி. பெண்கல்வியும் கருத்தடை வசதியும் பரவினால் பிறப்பு இன்னும் வேகமாக விழும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் கூட்டல் கழித்தலில் மோதவில்லை. இன்னும் பிறக்காத பெண்கள் எத்தனை பிள்ளை பெறுவார்கள் என்பதில்தான் வேறுபாடு.

எனவே எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு எளிய அளவுகோல்: கணிப்பு ஆண்டில் இருக்கப்போகிறவர்களில் எத்தனை பங்கு பேர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள்? 2050-ல் 25-க்கு மேற்பட்ட அத்தனை பேரும் இன்று எங்கோ இருக்கிறார்கள். அந்தப் பகுதி உறுதியானது. 2100-க்குப் போனால் பெரும்பாலோர் ஊகத்தில் பிறந்தவர்கள்.

போட்ட கணக்கைச் சோதிப்பது

முன்னோக்கிப் போகும் முன் பின்னால் போய் ஓட்டுங்கள். 2001 பட்டியலை அடிப்படையாக வைத்து, அப்போதைய விகிதங்களோடு 2011-ஐக் கணியுங்கள். உண்மை மொத்தமான 34,82,056-ஓடு பொருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வயதுக் கூறையும் பொருத்துங்கள். 0–9-ல் மிகை, 20–29-ல் குறை என்று இரண்டு தவறுகள் ஒன்றையொன்று விழுங்கி மொத்தம் மட்டும் சரியாக வந்துவிடும். 0–9 விலகினால் பிறப்பு விகிதத்தைப் பாருங்கள். 20–29 விலகினால் இடப்பெயர்வை. 70-க்கு மேல் விலகினால் ஆயுள் அட்டவணையை.

விடையை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். மூன்று தாள் போடுங்கள்: நடு, மேல், கீழ். மாவட்டத்துக்கு அரைப் பிள்ளை வித்தியாசம் அதிகம், 0.2 போதும். ஒவ்வொரு தாளின் தலையிலும் அடிப்படை ஆண்டு, எல்லை, கருவள விகிதம் எதிலிருந்து எதற்குப் போகிறது, ஆயுள் எவ்வளவு கூடுகிறது, இடப்பெயர்வு எவ்வளவு என்று ஐந்து வரி எழுதிவையுங்கள். 2027 கணக்கெடுப்பின் வயது அட்டவணை வெளிவந்ததும் முதல் நிரலை மாற்றினால் போதும். மற்றதெல்லாம் தானாக ஓடும்படி சூத்திரங்களை இப்போதே இணைத்துவிடுங்கள்.